சாட்சி கேட்ட ராணி

அன்று அந்த முற்றத்தில் இருந்தவர்கள்: என் அம்மா; மீன் விற்கிற ரோசம்மாள்; எங்கள் தெருக் கிறிஸ்தவக் கோயில் உபதேசியாரின் மனைவி; வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்சு ஸ்டெல்லா அக்கா. திறந்து கிடந்த வாசலுக்கு வெளியே, முதுகை உள்பக்கம் காட்டிக்கொண்டு, நானும் ஆட்டோக்கார அண்ணாச்சியும். இல்லாதவர்கள்: சரக்குத் தோணியில் மாலத்தீவுக்குப் போயிருந்த, எங்கள் வீட்டுக்கார மாமியின் கணவர்; மாமியின் சித்தப்பா மகன் அந்தோணி; அந்தோணியின் மனைவி புளோரா. வந்திருந்த யாரையும் மாமி ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. வராத புளோராவுக்காகத்தான் பிரசவ வலியைப் பல்லில் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "உன்ன யாருல எழுதச் சொன்னா? எவ்வளவு தந்தான்?" என்று கேட்பாள். தெருவில் அவளை முதுகுக்குப் பின்னால் ராணி என்பார்கள். நானும் அம்மாவும் அப்பாவும் அவள் வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் சுமை ஏற்றுகிற வேலை, அம்மாவுக்கு உப்பளம். ஆற்றங்கரை நெல் கிராமத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அதில் பள்ளிக்கூடத்தை முழுதாகத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்போது கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். வேறு பாடத்தில் இடம் கிடைக்கவில்லை என்பதை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரே மீனை இரண்டு தராசில் நிறுத்துப் பார்த்த பெண்ணை நான் வேறெங்கும் கண்டதில்லை. ரோசம்மாள் வாசல்படியில் கூடையை இறக்கி விளமீனை நிறுத்துக் கொடுப்பாள். மாமி அதை வாங்கிக்கொண்டு நேரே தெருமுனைப் பலசரக்குக் கடைக்குப் போவாள்.

"அண்ணாச்சி, இதக் கொஞ்சம் நிறுங்க."

"பருப்பு நிறுக்கிற தராசு தாயி. மீனு வாடை அடிக்கும்."

"கழுவித் தாரேன். நிறுங்க."

அதுவரை ரோசம்மாள் படியிலேயே உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். மாமி திரும்பி வருவதைப் பார்த்ததும் குரல் கொடுப்பாள். "ஏளா, நான் எடையில கூடக் குடுத்திருந்தா திருப்பித் தருவியாக்கும்?"

"தருவேன்."

தந்ததும் உண்டு. ஒருமுறை எடை கூடியிருந்தது என்று ஒரு துண்டை வெட்டிக் கூடையில் போட்டாள். ரோசம்மாளுக்கு அன்று வந்த கோபம் மாதக்கணக்கில் அடங்கவில்லை. ஏமாற்றுக்காரி என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள்.

வங்கியிலிருந்தோ மின்வாரியத்திலிருந்தோ ஆங்கிலத்தில் ஏதாவது வந்தால் மாமி என்னைக் கூப்பிடுவாள். நான் படித்துப் பொருள் சொல்வேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள். பிறகு மருந்துக் கடைப் பையனை வரவழைத்து அதே காகிதத்தை நான் இருக்கும்போதே படிக்கச் சொல்வாள். இரண்டும் ஒத்துப்போனால் ஆளுக்கு இரண்டு மக்ரூன் கிடைக்கும்.

"என்ன மாமி, என்னை நம்பலையா?"

"நம்புதேன்ல. அதான் ரெண்டு பேரோட நிறுத்துனேன். நம்பலன்னா நாலு பேருகிட்டக் கேட்டிருப்பேன்."

கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்திலும் இதே முறைதான். ஒரே பாவத்தை எங்கள் தெருச் சாமியாரிடம் ஒருமுறை சொல்லிவிட்டு, பேருந்து ஏறி அடுத்த பங்குக் கோயிலுக்குப் போய் அங்கேயும் சொன்னாள். திரும்பி வந்து குசினியில் என் அம்மாவிடம் பொருமினாள். "இவரு அஞ்சு அருள்நிறை மந்திரம் போதும்னாரு. அவரு ஒரு செபமாலை முழுசாச் சொல்லுங்காரு. ஒரே பாவந்தானளா? ரெண்டு பேர்ல எவரு ஏமாத்துதாரு?" அம்மாவுக்கு இந்த விஷயங்கள் எதுவும் தெரியாது. "ரெண்டையும் சொல்லிருங்கம்மா, பாதுகாப்பு" என்றாள். மாமி அதை ஏற்றுக்கொண்டு இரண்டையும் சொன்னாள்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று அவளே ஒருமுறை சொன்னாள். அவள் தாத்தாவுக்குத் தோணிகள் இருந்தன. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கரையில் சிப்பியைக் குவித்து வைத்திருப்பார்கள். குவியலுக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு பேர் நிற்பார்களாம். "ஒருத்தன் சிப்பியப் பாக்க. இன்னொருத்தன் அவனப் பாக்க" என்றாள். "அப்படி நின்னதுலதான் இந்த வீடு வந்துச்சு."

வீடு என்றால் சாதாரண வீடு அல்ல. கடற்கரைச் சாலையில், பர்மாத் தேக்குத் தூண்களும் நடுமுற்றமும் பக்கச் சந்து வரை நீண்ட மதிலுமாகக் கிடந்தது. தாத்தாவிடமிருந்து மாமியின் அப்பாவுக்கு வந்தது. அவருக்கு மகன் இல்லை, மாமி ஒருத்திதான். சாகும் முன் அவர் செய்த ஏற்பாடு ஊருக்கே தெரியும். மகள் சாகும்வரை அந்த வீட்டில் இருக்கலாம். அவளுக்குப் பிள்ளை பிறந்தால் வீடு பிள்ளைக்கு. பிறக்காவிட்டால் தம்பி மகன் அந்தோணிக்கு. எடுத்து வளர்க்கிற பிள்ளை கணக்கில் வராது. மாமிக்குக் கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேலாகியும் பிள்ளை இல்லை. அந்தோணி ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் கேக்கோடு வருவான். கேக்கைக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் முன்சுவரைக் காலடியால் அளந்துகொண்டே நடப்பான். உதடு அசைவது எனக்குத் தெரியும்.

"போன வருசம் அளந்ததவிடக் கொறஞ்சிருக்காடா தம்பி?" என்று மாமி உள்ளே இருந்து கேட்பாள்.

"சும்மா நடக்கேன்க்கா."

அந்தக் கேக்கை அவள் தின்று நான் பார்த்ததில்லை.

எங்கள் தெருக் கோயில் திருவிழாவில் வாசாப்பு நடக்கும். பாட்டும் வசனமுமாகப் போகிற நாடகம். புனிதர்கள் கதைகள்தான் அதிகம் என்றாலும் எங்கள் தெருவில் ஒரு ராணியின் கதைக்குத்தான் கூட்டம். கடலுக்கு அந்தப்பக்கம் ஒரு தீவு. அரசன் செத்துப்போகிறான். நாட்டுக்கு உரிமை உள்ளவள் இந்த ராணி. முறைதவறிப் பிறந்த உறவுக்காரன் ஒருவன் முந்திக்கொண்டு முடியைச் சூடிவிடுகிறான். ராணியைப் பிடித்துச் சிறை வைக்கிறார்கள், விடுகிறார்கள். நாற்பது வயதில் அவள் கர்ப்பமாகிறாள். ஊர் நம்பவில்லை. வயிற்றில் தலையணை என்கிறது. ராணி என்ன செய்கிறாள்? சந்தைக்கடை நடுவில் கூடாரம் அடித்து, "ஊர்ப் பெண்களெல்லாம் வந்து பாருங்கள்" என்று பறையறைந்து, அத்தனை பேர் கண்முன்னே பிள்ளை பெறுகிறாள்.

ராணியாக வேடம் கட்டுகிறவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற பெரிய உடம்புக்காரர். அந்த ஒரு ராத்திரிக்காக மீசையை எடுப்பார். கூடாரக் காட்சியில் மருத்துவச்சிகளாக வருகிறவர்கள் அவர் வயிற்றைத் தட்டிப் பார்த்து, "இலவம்பஞ்சா, பருத்திப்பஞ்சா?" என்று பாடும்போது பந்தல் சிரிப்பில் கிழியும். மாமி அந்தக் காட்சிக்கு மட்டும் தன் நாற்காலியை ஆள் வைத்துத் தூக்கி வரச்செய்து, முன்வரிசையில் உட்காருவாள். சிரிக்கமாட்டாள். பிள்ளை பிறந்ததும் எழுந்து போய்விடுவாள். மிச்ச நாடகத்தை அவள் பார்த்ததே இல்லை.

நாற்பத்தாறு வயதில் மாமி மதுரைக்குச் சிகிச்சைக்குப் போனாள். மூன்று நான்கு முறை போய் வந்தாள். கடைசியில் போனவள் நாலு மாதம் கழித்துத்தான் திரும்பினாள். இறங்கும்போது வயிறு தெரிந்தது.

தெரு அன்றே பேச ஆரம்பித்துவிட்டது. "மதுரையில நல்ல பஞ்சு கெடைக்கும்" என்றாள் ரோசம்மாள். நானும் சும்மா இருக்கவில்லை. மாமி குனியும்போதும் படியேறும்போதும் வயிறு சேர்ந்து அசைகிறதா என்று பார்ப்பேன். அம்மா ஒருநாள் என் பின்மண்டையில் ஒன்று வைத்தாள். "பொம்பள வயித்தப் பாத்துக்கிட்டு நிக்கியே, இதுக்குத்தான் காலேசுக்குப் போறியால?"

ஆனால் அம்மாவுக்கும் சந்தேகம் இருந்தது. மாமிக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஒரு மத்தியானம் அம்மாவைக் கூப்பிட்டுத் தன் வயிற்றில் கையை எடுத்து வைத்தாள். அம்மா வீட்டுக்கு வந்து, "உதைக்குதுடா" என்று சொல்லித் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமி அவளிடம் சொன்னாளாம்: "உன் கை பாத்திட்டு. ஆனா உன் கை பத்தாதுளா. நீ என் வீட்டுல வாடகைக்கு இருக்கவ."

அவளுக்கு வேண்டியது எதிராளியின் கண். அதனால்தான் டாக்டர் தேதி கொடுத்திருந்தும் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகத் திட்டமிடவில்லை. கணவரின் தோணியில் கழித்துப்போட்ட பழைய பாய்த்துணியை வரவழைத்து, முற்றத்தில் நாலு தூணுக்கும் இழுத்துக் கட்டினாள். உப்பும் தாரும் மணக்கிற கனத்த துணி. எதற்கு என்று கேட்டவர்களிடம் வெயிலுக்கு என்றாள். நான் மட்டும் அதைப் பார்த்த உடனே கிரேன் ஓட்டுகிறவரை நினைத்துக்கொண்டேன்.

வலி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து ஆட்கள் வீட்டுக்குப் போகிற நேரம். ஸ்டெல்லா அக்கா வந்ததும் கத்தினாள்.

"இந்த வயசுல வீட்டுல பெறுததுக்கு உனக்கென்ன கிறுக்கா? எந்திரி, ஆட்டோ நிக்குது."

"ஆஸ்பத்திரியில கதவ மூடிருவாவ. மூடுன கதவுக்குப் பின்னால நடந்தத எவன் நம்புவான்?"

"நான் கூட இருப்பேன்லா?"

"நீ என் கூட்டாளி. செல்லாது. புளோரா வரட்டும்."

"அவ அந்தோணி பொண்டாட்டி! அவளா உனக்குச் சாட்சி சொல்லுவா?"

மாமி மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னது இப்போதும் எனக்குக் கேட்கிறது. "சொல்லுவா. அவ கூட ஒரே பெஞ்சுல படிச்சிருக்கேன். கண்ணால பாத்தா அவளால பொய் சொல்ல முடியாது. அடி வாங்குவா, பொய் சொல்லமாட்டா."

உலகத்தில் எவரையும் நம்பாதவள் நம்பியிருந்த ஒரே ஆள் எதிராளியின் மனைவி என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. என்னைப் புளோராவிடம் அனுப்பினார்கள்.

அந்தோணி வீடு இரண்டு தெரு தள்ளி. புளோரா ஈரக் கையோடு வெளியே வந்தாள். சொன்னேன். முகம் மாறிவிட்டது. "வாரேன்னு சொல்லு தம்பி. சேலைய மாத்திட்டு வாரேன்." உள்ளே இருந்து அந்தோணியின் குரல் வந்தது. "எங்க கெளம்புத? அங்கன போய் நின்னா நாளைக்குக் கோர்ட்டுல உன்னத்தான் கூப்பிடுவா. அதுக்குத்தான் ஆளனுப்பியிருக்கா." கதவு மூடிக்கொண்டது.

திரும்பி வந்து, வருகிறார்கள் என்று சொன்னேன். வரவில்லை. மறுபடி ஓடினேன். இந்த முறை வெளியே பூட்டு தொங்கியது. அந்தோணி படியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான்.

"புளோரா ஊர்ல இல்ல."

"இப்பத்தான் பாத்தேன் அண்ணாச்சி."

"அப்பப் பாத்த. இப்ப இல்ல."

நான் வந்து சேர்ந்தபோது ஸ்டெல்லா அக்காவின் குரல் மாறியிருந்தது. பிள்ளையின் துடிப்பு இறங்குகிறது, இப்போதே கிளம்ப வேண்டும் என்றாள். மாமி தூணைப் பிடித்த கையை விடவில்லை. "கொஞ்சம் பொறு. வந்துருவா." அம்மாவும் ரோசம்மாளும் விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தார்கள். நானும் ஆட்டோக்காரரும் தெருவைப் பார்த்து நின்றோம். எங்களுக்குப் பின்னால் எல்லாம் கேட்டது, ஒன்றைத் தவிர. பிள்ளை அழுகிற சத்தம் வரவே இல்லை.

பாய்த்துணியில் ஒரு மூலையைக் கிழித்துப் பிள்ளையைச் சுற்றிக்கொண்டு ஸ்டெல்லா அக்கா ஆட்டோவில் பாய்ந்து ஏறினாள். பிள்ளை முதல் முறை அழுதது ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் என்று ஆட்டோக்காரர் பிறகு சொன்னார். ஆண் பிள்ளை. பல நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான்.

மாமி சந்தேகப்பட்டது எதுவும் வீண்போகவில்லை. சாமியார் வீட்டில் இரண்டு பக்கத்தையும் வைத்துப் பேசினார்கள். அந்தோணி சாட்சிகளை ஒவ்வொருவராகக் கழித்தான்.

"இவ வாடகைக்கு இருக்கா. இவ தெனமும் அவளுக்கு மீன் விக்கிறா. இவ சின்ன வயசுலருந்தே சேக்காளி. உபதேசியார் வீட்டம்மா பாவம், கண்ணு சரியாத் தெரியாது. மதுரை ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் காசு குடுத்தாக் கெடைக்கும். எங்க பக்கத்து ஆளு ஒருத்தராவது அங்கன இருந்தாவளா சாமி? நாலு பொம்பளையளும் ஒரு துணிக்கூடாரமும். நம்ம நாடகத்துல வாரதுதான?"

சாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். வெளியே வந்ததும் மாமி என்னைப் பார்த்து, "நான் சொன்னேன்லா?" என்றாள். தோற்றவளின் முகம் அல்ல அது. கணக்குச் சரியாக வந்தவளின் முகம்.

விவகாரம் கோர்ட்டுக்குப் போயிற்று. நான் அப்போது இறுதியாண்டு. படித்தவன் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"மாமி, டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தா ஒரே நாள்ல முடிஞ்சுபோகும்."

"ரத்தத்த எடுத்துட்டு எங்க போவாவ?"

"சென்னையிலயோ ஐதராபாத்துலயோ பாப்பாங்க."

"கூட யாரு போவா?"

"யாரும் போக வேண்டாம். சீல் வச்சு அனுப்புவாங்க."

"சீல் வைக்கவன் பக்கத்துல நிக்கது யாரு?"

அவள் மறுத்துவிட்டாள். சாட்சி சாட்சி என்று உயிரை விட்டவள் இதற்கு மட்டும் ஏன் மறுக்கிறாள் என்று தெரு கேட்டது. எனக்கும் அது உறுத்தியது. வேறொரு பெண்ணின் கருமுட்டையை வாங்கி வைத்துச் சிகிச்சை செய்வதும் உண்டு என்று எங்கோ படித்திருந்தேன். மதுரையில் நடந்தது என்ன என்பது அவளுக்கும் டாக்டருக்கும்தான் தெரியும். நான் அவளையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்ததைக் கவனித்துவிட்டாள்.

"நீயும் மூக்கையும் முழியையும் ஒத்துப் பாக்கியோ?"

"இல்ல மாமி."

"பாரு. நல்லாப் பாரு. ஆனா ஒண்ணு. இவன் எங்கருந்து வந்தான்னு உங்கம்மாட்டக் கேளு. அவ பாத்திருக்கா."

அம்மாவிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுபடி பின்மண்டைக்கு வந்திருக்கும். மாமி உண்மையைத்தான் சொல்கிறாளா, அல்லது உண்மையில் பாதியைச் சொல்கிறாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் நாடக ராணி நிஜமாகவே இருந்தவள் என்று கல்லூரி நூலகத்தில் கண்டுபிடித்தேன். இத்தாலிக்குக் கீழே சிசிலித் தீவு. எண்ணூறு வருடத்துக்கு முன்னால். ஓடி வந்து மாமியிடம் சொன்னேன். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மீனில் முள்ளெடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவ புள்ள ராசா ஆனானா?"

"மூணு வயசுலயே முடி சூட்டினா மாமி."

"பொறகு?"

"அதே வருசம் அவ செத்துப்போனா."

கை நின்றது. "புள்ளைய யாரு பாத்தா?"

"போப்பாண்டவர் பொறுப்புல விட்டுட்டுப் போனா."

"சாமியாரு கையிலயா!" என்று சிரித்தாள். "நம்பிட்டாளே பாவி."

"இன்னொண்ணு மாமி. அந்தப் பிள்ளைக்கு அப்பா வழியில வடக்க இன்னும் பெரிய ராஜ்யத்துக்கு உரிமை இருந்துச்சு. அது வேண்டாம்னு விட்டுக்குடுத்தா. இருக்க தீவு தங்குனாப் போதும்னு."

மாமி மீனிலிருந்து இன்னொரு முள்ளை உருவினாள். பிறகு, "இத ஏன் நம்மாளுவ நாடகத்துல போடல?" என்று கேட்டாள்.

"மிச்ச நாடகத்துல இருக்குமோ என்னவோ. நீங்கதான் எந்திரிச்சுப் போயிருவீங்களே." நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். படித்ததை முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்கிற வேகம் எனக்கு. "அந்தக் கூடாரம் மட்டும் சந்தேகம்தான் மாமி. அவ காலத்துல எழுதினவங்க அதச் சொல்லல. ரொம்பப் பின்னால வந்தவங்க சொன்ன கதையாம்."

மாமி முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "கூடாரமே இல்லையா?"

"இருந்திருக்கலாம். நிச்சயமாத் தெரியாது."

"அம்புட்டுப் பேரு பாத்தும் நிச்சயமாத் தெரியாதாக்கும்." பிள்ளையின் தலையைத் தடவினாள். "சரி, போ."

அடுத்த திருவிழாவில் கொடியேற்றம். வெடி போட்டார்கள். மைதானத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டு அம்மாக்களிடம் ஓடின. மாமியின் மகன் ஓடவில்லை. வெடித்த இடத்திலிருந்து எழுந்த புகையை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றான். ஸ்டெல்லா அக்கா அவன் பின்னால் போய்க் கையைத் தட்டினாள். இன்னும் ஓங்கித் தட்டினாள். திரும்பி மாமியைப் பார்த்தாள்.

காது கேட்கவில்லை என்று ஒரு டாக்டர் சொன்னார். மாமி தன் வழக்கப்படி இன்னொருவரிடம் காட்டினாள். திருநெல்வேலியில் மூன்றாவது ஆளிடமும் காட்டினாள். மூவரும் ஒன்றையே சொன்னார்கள். பிறக்கும்போது மூச்சு கிடைக்கத் தாமதமானதால் இருக்கலாம் என்று முதல் டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார். அதை மட்டும் மாமி இரண்டாவது ஆளிடம் கேட்கவில்லை.

தலைக்குள் கருவி வைத்தால் கேட்கும், பேச்சும் வரும், ஆனால் தள்ளிப்போடக்கூடாது என்றார்கள். அரசாங்கத் திட்டத்தில் இலவசமாகவே செய்கிறார்கள் என்று விசாரித்து வந்து சொன்னேன். விண்ணப்பம்கூட வாங்கி வந்தேன். மாமி தொடவில்லை.

"சும்மா தாரானா? எம்புள்ள தலைக்குள்ள வைக்கதச் சும்மா ஏன் தாரான்?"

"எல்லாருக்கும் தராங்க மாமி. நல்ல கருவிதான்."

வழக்கம்போல இரண்டு பேரிடம் கேட்டாள். முத்தையாபுரத்தில் ஒரு அம்மா, தன் மகள் அந்தக் கருவியோடு பாட்டே பாடுகிறாள் என்றாள். பேருந்தில் பார்த்த யாரோ, இலவசக் கருவி ரிப்பேர் ஆகும் என்றார். ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாததை மாமி ஏற்கமாட்டாள். தன் கண்முன்னே பெட்டி பிரித்து, ரசீது போட்டு, காசு கொடுத்து வாங்குவதைத்தான் வைப்பேன் என்று முடித்துவிட்டாள். அந்தக் காசு அவளிடம் இல்லை. கணவரின் சம்பளம் வழக்குக்கே போய்க்கொண்டிருந்தது. வீட்டை விற்கவும் முடியாது. அவளுக்கு இருந்தது குடியிருக்கிற உரிமை மட்டும். மகனுக்கான வீட்டை விற்றுத்தான் மகனின் காதை வாங்க வேண்டும், ஆனால் அது மகனின் வீடு என்று இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

இது அந்தோணி காதுக்குப் போக எத்தனை நாள் ஆகும்? அவன் கேக் இல்லாமல் வந்தான். செலவு முழுவதையும் தான் கொடுப்பதாகச் சொன்னான். பதிலுக்கு மாமி சமரசப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் மாமிக்கோ பையனுக்கோ இனி எந்த உரிமையும் இல்லை. பையன் மாமியின் வளர்ப்பு மகன்.

"வளர்ப்பு மகன்னு எதுக்கு? உரிமை இல்லன்னு எழுதுனாப் போதாதா?" என்று நான்தான் கேட்டேன்.

"படிச்ச தம்பி, நாளைக்கு அவன் வளந்து வந்து கேக்கக்கூடாதுல்லா?" என்றான் அந்தோணி.

மாமி என்னைப் பத்திரத்தைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். அந்த வார்த்தை வந்த இடத்தில் என் குரல் கீழே போயிற்று. "சத்தமாப் படில" என்றாள். முடித்தபின், மருந்துக் கடைப் பையனைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். நீ படிச்சாப் போதும்" என்றாள். அவளோடு பழகிய அத்தனை காலத்தில் ஒரு காகிதத்தைப் படிக்க அவள் இரண்டாவது ஆளைத் தேடாதது அந்த ஒருமுறைதான்.

பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துக்கு அந்தோணி புளோராவை அழைத்து வந்திருந்தான். மாமி போட்டாள், அவள் கணவர் போட்டார், அந்தோணி போட்டான். புளோராவுக்குப் பேனா பிடிக்க வரவில்லை. இரண்டு முறை கீழே விழுந்தது. அந்தோணி முறைத்தான். போட்டுவிட்டாள்.

அந்தோணி வண்டி எடுக்கப் போன இடைவெளியில் புளோரா படிக்கட்டில் மாமியை நெருங்கி வந்தாள். நான் பையனைத் தூக்கிக்கொண்டு ஒரு படி கீழே நின்றேன். அவன் என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

"அக்கா, நான் அன்னிக்கு வந்தேன்."

மாமி அவளைப் பார்த்தாள்.

"கொல்லை வழியாக் குதிச்சு வந்தேன். உங்க வீட்டுப் பக்கச் சந்துல மதில் இடிஞ்ச எடம் இருக்குல்லா, அங்கன நின்னேன். உள்ள வரத் தைரியம் இல்ல. எல்லாத்தையும் பாத்தேங்க்கா. புள்ள தலை வந்தத, நீலமா இருந்தத, நர்சு துணியக் கிழிச்சத. இவன் உங்க வயித்துலருந்து வந்தத நான் என் கண்ணால பாத்தேன்."

புளோரா அழுதாள். மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தச் சொல்லுக்காகத்தான் அன்று மாமி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்; பிள்ளைக்கு மூச்சு முட்டியது. இப்போது கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்தேன். அல்லது அறைவாள் என்று.

மாமி தன் கையை மெதுவாக உருவிக்கொண்டாள். எந்தக் கோபமும் இல்லாமல், மீன்காரியிடம் பேசுகிற அதே குரலில் கேட்டாள்:

"நீ அங்கன நின்னதுக்குச் சாட்சி யாருளா?"

பையனை என்னிடமிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். கருவிக்கும் அறுவைக்குமாக அவர்கள் கேட்ட தொகையை, மாமி தன் கண்முன்னே இரண்டு பேரை எண்ணச் சொல்லிக் கட்டினாள்: ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.